எஃப்விடபிள்யூஎம் கன்சோலில் ஆல்ட்-பி அடித்தால் விசித்திர எழுத்து விழுகிறது, ஆல்ட்-எஃப் காணாமலே போகிறது

#1 · கருவேலன்

வணக்கம். 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. டெபியன் போட்டு, விண்டோ மேனேஜராக (விண்டோக்களை வைத்து, நகர்த்தி, அடுக்கும் நிரல்) எஃப்விடபிள்யூஎம் வைத்திருக்கிறேன். (இனி எஃப்வி என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் முழுசாக அடித்தால் கை வலிக்கிறது.) அமைப்புக் கோப்பு என் சொந்தச் சரக்கு இல்லை, நண்பர் கொடுத்தது. அதில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் படித்ததும் இல்லை.

எஃப்வியோடு வரும் கன்சோல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கட்டளையை அடித்து என்டர் தட்டினால் அந்த நிமிடமே திரையில் மாறுகிறது. கோப்பில் எழுதி, சேமித்து, திரும்ப ஏற்றும் வேலை இல்லை. ஆனால் அந்தக் கட்டளை வரியில் திருத்தம் செய்வதுதான் தலைவலி.

ஆல்ட்-பி அடித்தால் ஒரு சொல் பின்னால் போகும் என்று படித்தேன். எனக்கு, சின்ன ஏ எழுத்தின் தலையில் கூரை வைத்த மாதிரி ஒன்று வரிக்குள் விழுகிறது. ஆல்ட்-எஃப் அடித்தால் எழுத்தும் விழவில்லை, கர்சரும் நகரவில்லை. விண்டோ திரை முழுக்க விரிந்துவிடுகிறது. பழைய கட்டளைகளைக் கண்ட்ரோல்-ஆர் அடித்துத் தேடும்போது வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டால், கண்ட்ரோல்-எஸ் அடித்துத் திரும்பலாம் என்றார்கள். அடித்தால் கன்சோல் அப்படியே உறைந்துவிடுகிறது.

எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலுக்குள் பாஷ் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஓடும்போதும் இந்த மூன்றும் இப்படியே. வேறொரு டெர்மினலில் பார்த்தேன்: அங்கே ஆல்ட்-பி மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது, மற்ற இரண்டும் அதே கதை.

இன்னொன்று. நேற்று வேலை முடிந்து கன்சோலை மூடலாம் என்று குயிட் என்று அடித்தேன். திரை கறுத்துப் போய் லாகின் கேட்டது. திறந்து வைத்திருந்த ஒரு கடிதம் போயே போய்விட்டது. இது பிழையா, இல்லை நான்தான் ஏதாவது செய்துவிட்டேனா?

#2 · மொட்டைமாடி

பிழை இல்லை அண்ணே. அந்தக் கன்சோலில் அடிக்கிற எதுவும் கன்சோலுக்கான கட்டளை கிடையாது. நேராக விண்டோ மேனேஜரிடம் போகிறது. குயிட் என்றீர்கள், எஃப்வி வெளியேறிவிட்டது. அதோடு உங்கள் எக்ஸ் அமர்வும் (லாகின் செய்தபின் ஓடும் வரைகலைத் திரை) முடிந்துவிட்டது. கன்சோலின் கையேட்டிலேயே "வெளியேற இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று தனியாக எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். நாம் எல்லோரும் அதைப் படிப்பது அடிபட்ட பிறகுதான்.

காலி வரியில் கண்ட்ரோல்-டி அடித்தால் கன்சோல் மட்டும் மூடும். டெலீட்டின் டி. தமிழில் எழுதும்போது டெலீட்டின் டியும் டிரான்ஸ்போஸின் டியும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன, அதனால்தான் சொல்லிவைக்கிறேன். பி-யும் அப்படித்தான்: பேக்கின் பி, ப்ரீவியஸின் பி. இந்த இழையில் சும்மா பி என்றால் பேக்கின் பி என்று வைத்துக்கொள்வோம். மற்றதற்கு மேல் அம்பு என்று எழுதினால் போதும்.

கண்ட்ரோல்-டி அடிக்கும்போது வரி காலியாக இருக்கிறதா பாருங்கள். எழுத்து இருந்தால் அது கர்சருக்குக் கீழே உள்ள எழுத்தை அழிக்கும், அவ்வளவுதான்.

#3 · பழைய தட்டச்சன்

கருவேலன், மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடினால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். நான் அப்படி ஒரு ராத்திரியைச் செலவழித்தவன்.

உங்கள் விரலுக்கும் அந்தக் கட்டளை வரிக்கும் நடுவே நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தியில் முதல் இலை விண்டோ மேனேஜருக்கு. "இந்த விசையும் இந்தக் கூட்டு விசையும் (ஆல்ட், கண்ட்ரோல் மாதிரி) சேர்ந்து வந்தால் எனக்குத்தான்" என்று, திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் எக்ஸ் சர்வரிடம் அது முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருக்கும். அப்படி வாங்கிய விசை எந்த விண்டோவுக்கும் போகாது, அந்த விண்டோ முன்னால் இருந்தாலும் சரி.

இரண்டாவது, டெர்மினல். எக்ஸ்டெர்ம் மாதிரி. எக்ஸ் சர்வர் "இத்தனையாம் விசை, ஆல்ட்டும் அழுத்தியிருக்கிறது" என்று சொல்வதை வாங்கி, பைட்டுகளாக மாற்றி உள்ளே தள்ளுவது அதன் வேலை. தகவல் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்ட்ரோலும் ஒரு எழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த எழுத்தின் எண்ணில் கடைசி ஐந்து பிட்டுகள் மட்டும் மிஞ்சும். பெரிய ஏ 65. கண்ட்ரோல் சேர்ந்தால் 1. ஐ எழுத்து 9 ஆகிறது, அதுவே டேப். எம் எழுத்து 13, அதுவே என்டர். திறக்கும் சதுர அடைப்பு 27, அதுவே எஸ்கேப். அதனால் கட்டளை வரியில் "கண்ட்ரோல்-ஐக்கு ஒரு வேலை, டேப்புக்கு வேறு வேலை" என்று வைக்க முடியாது, இரண்டும் ஒரே பைட். விண்டோ மேனேஜர் அளவில் வைக்கலாம், ஏனென்றால் அது பைட்டாக மாறுவதற்கு முன்பே பார்க்கிறது.

மூன்றாவது, கெர்னலுக்குள் இருக்கும் டிடிஒய், அதாவது டெர்மினலுக்கும் நிரலுக்கும் நடுவே பைட்டுகளைக் கடத்தும் பகுதி. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இசட், கண்ட்ரோல்-எஸ் இதெல்லாம் அதன் பேட்டை. நான்காவதாகக் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பது ரீட்லைன். பிரையன் ஃபாக்ஸ் தொடங்கி, பல பத்தாண்டுகளாகச் செட் ரேமி பராமரித்துவரும், கட்டளை வரியைத் திருத்தும் வேலையைச் செய்யும் க்னூ நூலகம். பாஷுக்குள் இருப்பது அதுதான். ரீட்லைனோடு தொகுத்திருந்தால் எஃப்வி கன்சோலுக்குள் இருப்பதும் அதுதான். நீங்கள் படித்த ஆல்ட்-பி, ஆல்ட்-எஃப் எல்லாம் இந்தக் கடைசி ஆளின் மொழி. முன்னால் இருக்கும் மூவரும் தொடாமல் விட்டால்தான் அவருக்கு வந்து சேரும்.

எது எங்கே விழுங்கப்படுகிறது என்று பார்ப்பது சுலபம். எக்ஸ்ஈவி என்ற சின்ன நிரலை ஓட்டுங்கள். வெள்ளைப் பெட்டி ஒன்று வரும், அதன் மேல் வைத்து ஆல்ட்-எஃப் அழுத்துங்கள். எஃப் விசை அழுத்தப்பட்டதாகச் செய்தி வரவில்லை, ஃபோகஸ் போனதாக மட்டும் ஒரு வரி வந்தது என்றால் முதல் ஆள் விழுங்கிவிட்டார். செய்தி வந்தால் அடுத்து சாதாரண டெர்மினலில் கேட் என்ற கட்டளையை மட்டும் அடித்து என்டர் தட்டி, ஆல்ட்-பி அழுத்துங்கள். கூரைக்குறி, திறக்கும் சதுர அடைப்பு, பி என்று மூன்றும் தெரிந்தால் டெர்மினல் சரியாக அனுப்புகிறது. வேறு ஏதாவது தெரிந்தால் கோளாறு இரண்டாம் ஆளிடம். கடைசியாக எஸ்டிடிஒய் மைனஸ் ஏ என்று அடியுங்கள், டிடிஒய்யின் அமைப்புகளைக் காட்டும். அதில் ஐக்ஸான் (கண்ட்ரோல்-எஸ் அடித்தால் நிறுத்தி வைக்கும் வசதி) முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது அணைந்திருக்கிறது.

மூன்றையும் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன்.

#4 · கருவேலன்

செய்துவிட்டேன் ஐயா. எக்ஸ்ஈவியில் ஆல்ட்-பி அழுத்தினால் பத்துப் பதினைந்து வரிகள் ஓடுகின்றன. ஆல்ட்-எஃப் அழுத்தினால் ஆல்ட்டுக்கான வரிகள் வருகின்றன, எஃப் வரவேயில்லை, ஃபோகஸ் பற்றி ஒரு வரி மட்டும் வந்தது. பெட்டி வேறு திரை முழுக்க விரிந்துவிட்டது.

கேட் போட்டுப் பார்த்தால் ஆல்ட்-பிக்கு அதே கூரை எழுத்து. எஸ்டிடிஒய்யில் ஐக்ஸான் முன்னால் கழித்தல் குறி இல்லை.

#5 · பழைய தட்டச்சன்

அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார்.

முதலில் கூரை எழுத்து. அந்தக் காலத்து விசைப்பலகைகளில் மெட்டா என்று ஒரு விசை இருந்தது. அதை அழுத்தினால் எழுத்தின் எட்டாவது பிட் எரியும், அதாவது எண்ணோடு 128 கூடும். சின்ன பி 98. 128ஐக் கூட்டினால் 226. யூனிகோடில் 226ஆம் இடத்தில் இருப்பது நீங்கள் பார்த்த அதே கூரை ஏ. எக்ஸ்டெர்ம் இன்னும் அந்தப் பழைய வழக்கத்தையே இயல்பாக வைத்திருக்கிறது. மற்ற டெர்மினல்கள் ஆல்ட்டுக்கு எஸ்கேப்பை முன்னால் போட்டு அனுப்புகின்றன. உங்களுடைய இன்னொரு டெர்மினலில் வேலை செய்தது அதனால்தான்.

இப்போதே சோதிக்க: எக்ஸ்டெர்ம் மேல் கண்ட்ரோலை அழுத்தியபடி இடது பொத்தானை அமுக்கிப் பிடியுங்கள். விரியும் மெனுவில் மெட்டா சென்ட்ஸ் எஸ்கேப் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஆல்ட்-பி நகரும். நிரந்தரமாக வேண்டும் என்றால் வீட்டு அடைவில் உள்ள எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் எக்ஸ்டெர்மின் மெட்டாசென்ட்ஸ்எஸ்கேப் மதிப்பை ட்ரூ என்று எழுதி, எக்ஸ்ஆர்டிபி மெர்ஜ் கொடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகு திறக்கும் விண்டோக்களுக்குத்தான் பிடிக்கும்.

எதையும் மாற்ற முடியாத அடுத்தவர் கணினி என்றால், எஸ்கேப்பைத் தட்டிவிட்டுக் கையை எடுத்து, பிறகு பி தட்டுங்கள். ரீட்லைனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆல்ட்-எஃப்: உங்கள் நண்பரின் கோப்பில் கீ என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அதில் எஃப், ஏ, எம் என்று வரிசையாக இருந்து பக்கத்தில் மேக்சிமைஸ் இருக்கும். நடுவில் உள்ள ஏ என்பது எந்த இடத்தில் அழுத்தினாலும் என்று பொருள். எம் என்பது மெட்டா. எம்மை எடுத்துவிட்டு 4 என்று போடுங்கள். பெரும்பாலான கணினிகளில் அது ஜன்னல் படம் போட்ட சூப்பர் விசை. அதை எந்தக் கட்டளை வரியும் கேட்பதில்லை. விண்டோ மேனேஜருக்கு அந்த ஒரு விசையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆல்ட்டையும் கண்ட்ரோலையும் உள்ளே இருப்பவர்களுக்கு விட்டுவிடுவதுதான் என் கட்சி. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்புக் கோப்புகள் எல்லாம் டெர்மினலில் வேலை செய்யாதவர்கள் எழுதியவை என்பது என் சந்தேகம்.

மேக்சிமைஸுக்கு ஆல்ட்-எஃப்தான் பழகிவிட்டது, மாற்ற மாட்டேன் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கீ என்ற சொல்லுக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் விண்டோவின் பெயரைக் கொடுத்து, அதே எஃப், ஏ, எம் எழுதி, செயல் வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் போடுங்கள். "இந்த விண்டோவில் மட்டும் நீ தொடாதே, உள்ளே அனுப்பிவிடு" என்று அர்த்தம். ஒற்றைக் கோடு பிணைப்பை நீக்கும். அழுத்தியதை விண்டோவுக்கு அனுப்பச் சொல்வது இரட்டைக் கோடுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வரியைக் கன்சோலுக்குள்ளேயே அடிக்கலாம். அடித்து என்டர் தட்டிய கணமே அதே கன்சோலில் ஆல்ட்-எஃப் உயிர் பெறும். பிறகு மறக்காமல் கோப்பிலும் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த லாகினில் போய்விடும்.

கண்ட்ரோல்-எஸ்: உறையவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது. கண்ட்ரோல்-க்யூ அடித்தால் ஓடும். டெலிடைப் காலத்தில், தாளில் அச்சாகும் வேகத்தைவிட வேகமாக எழுத்து வந்தால் "நில்", "வா" என்று சொல்ல வைத்த இரண்டு குறிகள் அவை.

#6 · தறி

கண்ட்ரோல்-எஸ்ஸுக்கு ஒரு சேர்க்கை. இணையத்தில் தேடினால் எல்லோரும் "எஸ்டிடிஒய் மைனஸ் ஐக்ஸான் என்று பாஷ்ஆர்சியில் போடு" என்பார்கள். பாஷுக்கு அது சரி. எஃப்வி கன்சோலுக்கு அது எடுபடாது, நான் அரை நாள் முட்டிக்கொண்டேன். கன்சோல் எக்ஸ்டெர்மைத் திறந்து அதற்குள் நேராகத் தன் நிரலை ஓட்டுகிறது. நடுவில் பாஷே இல்லை. பாஷ் இல்லாத இடத்தில் பாஷ்ஆர்சியை யார் படிப்பார்கள்?

நான் செய்தது: கண்ட்ரோல்-எஸ்ஸோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அதே வேலையை ஆல்ட்-எஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் இன்புட்ஆர்சி கோப்பில் ஒரே வரி. மேற்கோளுக்குள் பின்சாய்வு, ஈ, எஸ், மேற்கோளை மூடி முக்காற்புள்ளி, பிறகு ஃபார்வர்ட்-சர்ச்-ஹிஸ்டரி. பாஷ்ஆர்சி மாதிரி இல்லை இது. ரீட்லைனைப் பயன்படுத்தும் எந்த நிரலும் இந்தக் கோப்பைப் படிக்கும். பாஷ், ஜிடிபி, நம் கன்சோல், எல்லாவற்றிலும் ஒரே பழக்கம்.

கூடவே, மேல் அம்பை ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்டுக்கு மாற்றிப் பாருங்கள். வரியின் முதல் நான்கு எழுத்தை அடித்துவிட்டு மேல் அம்பைத் தட்டினால், அந்த நான்கில் தொடங்கும் பழைய வரிகள் மட்டும் வரும். எஃப்வியில் பாதி கட்டளைகள் ஸ்டைல் என்றுதான் தொடங்குகின்றன, அங்கே கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும்.

#7 · கருவேலன்

ஆல்ட்-பி, ஆல்ட்-எஃப், ஆல்ட்-எஸ் மூன்றும் வேலை செய்கின்றன! இரட்டைக் கோட்டைக் கன்சோலுக்குள் அடித்தபோது நிஜமாகவே சிரித்துவிட்டேன்.

சரி, இப்போது வண்டி கிடைத்துவிட்டது, ஓட்டத் தெரியவில்லை. விசைப் பட்டியலைப் பார்த்தால் நூற்றுக்கு மேல் இருக்கிறது. எதை முதலில் பழகுவது?

#8 · தறி

பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் தினமும் கன்சோலில் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், அதை மட்டும் கை பழகட்டும்.

ஸ்டைல், இடைவெளி, எக்ஸ்டெர்ம், இடைவெளி, நோடைட்டில் என்று அடித்து என்டர் தட்டினீர்கள். எக்ஸ்டெர்ம் விண்டோக்களின் தலைப்புப் பட்டை மறைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸுக்கும் செய்யலாம் என்று தோன்றுகிறது. மேல் அம்பு: பழைய வரி வந்தது, கர்சர் கடைசியில். கண்ட்ரோல்-ஏ: வரியின் தொடக்கம். ஆல்ட்-எஃப்: ஸ்டைல் என்ற சொல் முடியும் இடத்தில் போய் நிற்கும், அடுத்த சொல்லின் தொடக்கத்தில் இல்லை, இதைக் கவனியுங்கள். அங்கிருந்து ஆல்ட்-டி (டெலீட்டின் டி): நடுவில் உள்ள இடைவெளியையும் எக்ஸ்டெர்மையும் சேர்த்து வெட்டும். இப்போது இடைவெளி, ஃபயர்ஃபாக்ஸ், என்டர். கர்சர் நடுவில் இருக்கிறதே, கடைசிக்குப் போக வேண்டாமா என்று யோசிக்காதீர்கள். என்டர் எங்கிருந்து தட்டினாலும் முழு வரியும் போகும்.

வெட்டியது தொலைந்துவிடவில்லை. கண்ட்ரோல்-ஒய் அடித்தால் அந்த எக்ஸ்டெர்ம் தன் இடைவெளியோடு திரும்ப வரும். அதற்கு முன் வெட்டியது வேண்டும் என்றால், கண்ட்ரோல்-ஒய் அடித்த கையோடு ஆல்ட்-ஒய். வெட்டியவை எல்லாம் ஒரு வளையத்தில் கிடக்கின்றன, ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். பிசகினால் கண்ட்ரோலோடு அடிக்கோடு, ஒவ்வொரு படியாகப் பின்வாங்கும்.

அப்புறம் கண்ட்ரோல்-டபிள்யூ, ஆல்ட்-பேக்ஸ்பேஸ் வேறுபாடு. இரண்டும் பின்னால் உள்ள சொல்லை அழிக்கும் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ரீட் கட்டளைக்குப் பிறகு நீளமான கோப்புப் பாதை ஒன்றை அடித்து, கடைசிக் கோப்பின் பெயரில் தவறு செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கண்ட்ரோல்-டபிள்யூவுக்கு இடைவெளி மட்டும்தான் எல்லை, முழுப் பாதையையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆல்ட்-பேக்ஸ்பேஸ் எழுத்தும் எண்ணும் அல்லாத எதைக் கண்டாலும் நின்றுவிடும், அதனால் சாய்கோடு வரைதான் போகும். இந்த ஒன்று தெரிந்தால் பாதி நாள் மிச்சம்.

கண்ட்ரோல்-யூ பற்றியும் ஒரு வார்த்தை. ரீட்லைனில் கர்சரிலிருந்து தொடக்கம் வரை அழிக்கும். இசட்-ஷெல்லில் இயல்பாக முழு வரியும் போகும். இரண்டு கணினிகளில் இரண்டு ஷெல் வைத்திருப்பவர்கள் அனுபவிக்கட்டும்.

#9 · நள்ளிரவு ரயில்

கண்ட்ரோல்-டபிள்யூ என்றதும் வயிறு எரிகிறது. அலுவலகத்தில் சர்வருக்குள் போக உலாவிக்குள் ஓடும் டெர்மினல்தான் கொடுத்திருந்தார்கள். இருபது நிமிடம் ஒரு மாற்றத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசிச் சொல்லை அழிக்க அனிச்சையாகக் கண்ட்ரோல்-டபிள்யூ. டேப் மூடிவிட்டது! அதோடு நடந்துகொண்டிருந்ததும் பாதியில் நின்றது. ஒரே வாரத்தில் மூன்று தடவை. தட்டச்சன் சொன்ன பந்தியில் உலாவி என்று ஐந்தாவது இலை போட்டிருக்கிறார்கள் போல.

டிமக்ஸ் (ஒரே டெர்மினலுக்குள் பல டெர்மினல்களை ஓட்டும் நிரல்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இலை. கண்ட்ரோல்-பியை அது பிடித்துக்கொள்ளும், உள்ளே அனுப்ப இரண்டு தடவை அடிக்க வேண்டும். அதே வேலை செய்யும் ஸ்கிரீன் என்ற நிரல் பிடித்துக்கொள்வது கண்ட்ரோல்-ஏவை. வரித் தொடக்கத்துக்குப் போக வேண்டும் என்றால் அதற்குப் பின் வெறும் ஏ அடிக்க வேண்டும். வரித் தொடக்கம் மாதிரி ஒரு விசையை எடுத்துக்கொள்ள எப்படித்தான் மனசு வந்ததோ.

#10 · எஸ்கேப் பிரியன்

இத்தனை பேர் பேசியும் ஒருவர்கூட விஐ முறையை (விஐ என்ற பழைய எழுத்துத் திருத்தியின் விசைகள்) சொல்லவில்லையே. இன்புட்ஆர்சியில் செட் எடிட்டிங்-மோட் விஐ என்று ஒரு வரி. ஆல்ட்டும் வேண்டாம், மெட்டாவும் வேண்டாம், விண்டோ மேனேஜரோடு சண்டையும் வேண்டாம். எஸ்கேப் தட்டினால் வெறும் எழுத்துகளே கட்டளைகள். பி அடித்தால் ஒரு சொல் பின்னால், டபிள்யூ அடித்தால் ஒரு சொல் முன்னால், சி-யும் டபிள்யூவும் அடித்தால் அந்தச் சொல்லை மாற்று. கருவேலனின் முதல் இரண்டு பிரச்சினைகளும் வந்திருக்கவே வந்திருக்காது.

#11 · பழைய தட்டச்சன்

வந்திருக்காது என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். நானும் கோப்புகளைத் திருத்துவது விஐயில்தான். பில் ஜாய் அதை எழுதியது ஏடிஎம்-3ஏ டெர்மினலில். அந்தப் பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது, அதனால்தான் இன்றும் நம் விரல் அங்கே போகிறது. 

ஆனால் ஒற்றை வரிக்கு விஐ முறை எனக்கு ஒத்துவரவில்லை. காரணம், நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று தெரியாது. எழுதும் நிலையா, கட்டளை நிலையா? செட் ஷோ-மோட்-இன்-ப்ராம்ப்ட் ஆன் என்று போட்டால் வரியின் முன்னால் காட்டும் என்பது தெரியும். நாற்பது எழுத்துள்ள வரிக்கு அது கொஞ்சம் அதிகம்.

#12 · எஸ்கேப் பிரியன்

நாற்பது எழுத்தா? எஃப்வியில் ஒரு செயல்பாடு எழுதினால் வரி திரையைத் தாண்டி ஓடும் ஐயா. அதற்குத்தான் விஐ. ஒன்றுக்கு மட்டும் நானும் தலை வணங்குகிறேன்: எஸ்கேப் தட்டியதும் ரீட்லைன் சற்றே தயங்கும், அடுத்து ஏதாவது வருகிறதா என்று பார்க்கும். கீசீக்-டைம்அவுட் 500 மில்லிநொடி என்று இயல்பாக இருக்கிறது. 50 என்று குறைத்து வைத்திருக்கிறேன்.

#13 · நூலகத் தூசி

கொஞ்சம் விலகிய கேள்வி. என் கோப்புறைகள் பலவற்றுக்குத் தமிழில்தான் பெயர். கன்சோலில் அந்தப் பாதையை ஒட்டினால் பின்சாய்வும் 340, 256, 225 மாதிரி எண்களுமாக வருகிறது. பாஷில் ஒழுங்காகத் தமிழ் தெரிகிறது. கன்சோலுக்குத் தமிழ் தெரியாதா?

#14 · தறி

தெரியும். உங்கள் எஃப்வி எந்த லொக்கேலில் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) தொடங்கியது என்பதுதான் கேள்வி. 340, 256, 225 என்பது எட்டடிமான எண்ணில் எழுதிய மூன்று பைட்டுகள், சேர்ந்தால் க. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், எல்லாமே 340இல்தான் தொடங்கும். லொக்கேல் வெறும் சி என்று இருந்தால் ரீட்லைன் அவற்றைத் தனித்தனிப் பைட்டாகத்தான் பார்க்கும். பாஷில் சரியாக வருகிறது என்றால் லொக்கேலைச் சொல்லும் உங்கள் லாங் அமைப்பு பாஷ்ஆர்சியில் இருக்கிறது. எஃப்வி அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, அதனால் அது திறக்கும் கன்சோலுக்கும் தெரியவில்லை. எக்ஸ் அமர்வு தொடங்கும் கோப்பில், எஃப்வி வரிக்கு மேலே லாங்கை எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் முழு நிம்மதி கிடைக்காது, சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டெர்ம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி, எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது; "கெ" என்று அடித்தால் க முன்னால், கொம்பு பின்னால். என் கணினியில் பேக்ஸ்பேஸும் ஒரு தினுசு: "க்" ஒரே தட்டில் போகிறது, "கா" என்றால் முதலில் கால் போகிறது, அப்புறம்தான் க. புள்ளிக்கு அகலம் 0 என்று கணக்கு, காலுக்கு 1. அகலம் இல்லாததை ரீட்லைன் முந்தைய எழுத்தோடு சேர்த்து அழிக்கிறது. காரணம் தெரிந்த பிறகு எனக்குக் கோபம் வருவதில்லை, எண்ணி எண்ணித் தட்டுகிறேன். பன்மொழிக்காகவே எழுதிய எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் இந்த விஷயத்தில் பரவாயில்லை.

#15 · மொட்டைமாடி

எஃப்வி 3க்கு மாறப் போகிறவர்கள் கவனத்துக்கு. அங்கே பழைய கன்சோலுக்கு மாற்றாக, கோ மொழியில் எழுதிய எஃப்விடபிள்யூஎம்ப்ராம்ப்ட் என்று ஒன்று இருக்கிறது. வரியைத் திருத்தும் விசைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது க்னூ ரீட்லைன் இல்லை. இங்கே தறி எழுதிக் கொடுத்த இன்புட்ஆர்சி அங்கே செல்லாது. ஆல்ட்டை எக்ஸ்டெர்ம் எப்படி அனுப்புகிறது, விண்டோ மேனேஜர் எதை விழுங்குகிறது என்பதெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

#16 · கருவேலன்

எல்லோருக்கும் நன்றி. நண்பரின் கோப்பில் எம் போட்ட பிணைப்புகள் பதினொன்று இருந்தன, எல்லாவற்றையும் 4க்கு மாற்றிவிட்டேன். நேற்று வரை அருமை. இன்று காலை யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகினேன், சூப்பர்-எஃப் வேலை செய்யவில்லை. மற்றப் பத்தும் வேலை செய்யவில்லை. லேப்டாப்பின் சொந்த விசையில் அடித்தாலும் இல்லை. பலகையைக் கழற்றினாலும் இல்லை. ஆனால் கன்சோலில் ஆல்ட்-பி எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது!

#17 · பழைய தட்டச்சன்

அந்தப் பலகையில் நம்லாக் விளக்கு எரிகிறதா?

#18 · கருவேலன்

எரிகிறது. ஓ. அதை அணைத்தால் எல்லாம் வருகிறது. இது என்ன நியாயம்?

#19 · பழைய தட்டச்சன்

எக்ஸ் சர்வருக்கு நம்லாக்கும் ஒரு கூட்டு விசைதான், ஷிஃப்ட் மாதிரி. "சூப்பரும் எஃப்பும்" என்று எழுதி வாங்கியிருக்கிறது எஃப்வி. வருவது "நம்லாக்கும் சூப்பரும் எஃப்பும்". எழுத்து பிசகாமல் பொருந்தினால்தான் கொடுப்பார்கள். ரீட்லைனுக்கு வருவது வெறும் பைட், அதில் நம்லாக்கின் தடமே இல்லை, அதனால்தான் கன்சோலுக்குள் எதுவும் கெடவில்லை.

அமைப்புக் கோப்பில், கீ வரிகள் எல்லாவற்றுக்கும் மேலே, இக்னோர்மாடிஃபயர்ஸ் என்று எழுதி, பக்கத்தில் இடைவெளி விடாமல் எல், 2, 5 என்று போடுங்கள். எல் கேப்ஸ்லாக், வழக்கமாக 2 நம்லாக், 5 ஸ்க்ரோல்லாக். கீழே எழுதினால் பலிக்காது, மேலே இருக்க வேண்டும். பிறகு எஃப்வியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கன்சோலிலிருந்தே செய்யலாம், ரீஸ்டார்ட் என்று அடித்தால் போதும். திறந்திருக்கும் விண்டோக்கள் போகாது. அந்த இன்னொரு சொல்லை அடித்துவிடாதீர்கள்.

#20 · கருவேலன்

ரீஸ்டார்ட் அடித்தேன். விளக்கு எரிகிறது, சூப்பர்-எஃப் விரிகிறது. கடிதத்தை முதலிலேயே சேமித்துவிட்டுத்தான் அடித்தேன்.